சீட்டுக்கு அடியில் பை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்ணிவெடி தாங்கும் ராணுவ வாகனங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், வண்டி எத்தனை டன், எத்தனை கிலோ வெடிமருந்தைத் தாங்கும் என்று எல்லாம் இருந்தது. படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் அத்தனை படமும் வெளியிலிருந்து எடுத்தவை, பின்கதவைத் திறந்து உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. "10 வீரர்கள் அமரலாம்" என்ற ஒரே வரியோடு உள்பக்கத்தின் கதை முடிந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குள் இருக்கும் விஷயத்தில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. கனரக வாகனங்களுக்கு உள்வேலை செய்யும் பட்டறை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து, சீட் மாட்டுவது, பெல்ட்டுக்குக் கொக்கி பற்றவைப்பது, துப்பாக்கி நிறுத்தும் கிளாம்ப், தண்ணீர் கேன் தாங்கி, பெட்டிகளை அடைக்கும் தட்டு என்று உள்பக்கச் சாமான்களோடே காலம் கழித்தவன். கவசத் தகடு வேலை செய்பவர்களுக்கு இருந்த மதிப்பு எங்கள் பிரிவுக்கு இருந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் வண்டியை வாங்க முடிவெடுப்பவர்களும் அதைப் பற்றி எழுதுபவர்களும் உள்பக்கத்தை அதே கண்ணோடு பார்ப்பதுதான் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் தகடு தாங்கிவிட்ட பிறகும் உள்ளே இருப்பவர் சாவதற்கும் கால் போவதற்கும் வழி இருக்கிறது.

இந்த வண்டிகள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-களில் ரொடீசியாவிலும் (இன்றைய ஜிம்பாப்வே) தென்னாப்பிரிக்காவின் எல்லைப் போரிலும் மண்பாதைகளில் புதைத்த கண்ணிவெடிகள் லாரிகளையும் ஜீப்புகளையும் தூக்கி எறிந்தபோது பிறந்ததுதான் ‘வி’ வடிவ அடிப்பகுதி. படகின் அடி மாதிரிக் கூராக இறங்கும் தகடு, வெடியின் வீச்சை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிடும். வண்டியின் வயிற்றைத் தரையிலிருந்து உயரத்தில் வைப்பதும் அதற்காகத்தான், தூரம் கூடக் கூட அடியின் வேகம் சட்டென்று குறையும். பஃபல், காஸ்பிர் என்ற தென்னாப்பிரிக்க வண்டிகள் இப்படி வந்தவை. 2007-ல், ஈராக்கில் தெருவோர வெடிகளுக்கு ஆட்களை இழந்துகொண்டே இருந்த அமெரிக்கா இதே யோசனையை எம்.ஆர்.ஏ.பி. (கண்ணிவெடியையும் பதுங்கித் தாக்குவதையும் தாங்கும் வண்டி) என்ற பெயரில் அவசர அவசரமாகக் கையிலெடுத்து, சில ஆண்டுகளுக்குள் 20,000-க்கும் மேற்பட்ட வண்டிகளை வாங்கியது. கூகர், மேக்ஸ்ப்ரோ, ஆர்ஜி-31 எல்லாம் அந்த வரிசைதான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ‘வி’ வடிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பஃபல் வண்டியின் படத்தை யாராவது தேடி எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். யூனிமாக் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கூரையில்லாத ஒரு தொட்டி, அதன் நடுவே முதுகோடு முதுகாக இரண்டு வரிசை சீட்டுகள், வீரர்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட். தகட்டை வளைத்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆளை எங்கே உட்காரவைப்பது, எதோடு கட்டுவது என்பதையும் அதே கையோடு யோசித்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த வண்டி வசதியில் இன்றைய வண்டிகளோடு போட்டி போட முடியாது, ஆனால் அந்த யோசனையின் வரிசை சரியானது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. வியட்நாமில் எம்113 கவச வண்டியின் உள்ளே உட்கார மறுத்து அமெரிக்க வீரர்கள் கூரையின் மேல் உட்கார்ந்து போனார்கள். ஆப்கானிஸ்தானில் சோவியத் வீரர்களும் தங்கள் கவச வண்டிகளின் முதுகில்தான் ஏறிப் போனார்கள். மேலே உட்கார்ந்தால் தோட்டா படலாம் என்று தெரியாமல் இல்லை. கீழே கண்ணி வெடித்தால் உள்ளே இருப்பதைவிட மேலே இருப்பதே மேல் என்று கணக்குப் போட்டார்கள். கவசத்துக்குள் இருப்பவனே அந்தக் கவசத்தைவிட்டு வெளியே ஏறி உட்காருகிறான் என்றால், அவன் பயந்தது அந்த உள்பக்கத்துக்கு.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? கண்ணி வெடித்ததும் முதலில் தரைத்தகடு மேல்நோக்கிப் புடைக்கும். இது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும், கண் இமைக்கும் நேரம் இதோடு ஒப்பிட்டால் மிக நீளம். அந்த நேரத்தில் யாருடைய கால் தரையில் பதிந்திருக்கிறதோ அவருடைய குதிகால் எலும்பும் கணுக்காலும் அடியை நேராக வாங்கும். அடுத்து வண்டி மொத்தமும் மேலே எழும்பும், சீட்டோடு சேர்ந்து இடுப்பும் முதுகெலும்பும் அழுந்தும். பெல்ட் போடாதவர் தலை கூரையில் மோதும். பிறகு வண்டி கீழே விழும், சில சமயம் நேராக, சில சமயம் பக்கவாட்டில், அப்போது இன்னொரு அடி. தகட்டில் ஓட்டையே விழாமல், உள்ளே ஒரு பொறிகூட வராமல், இத்தனையும் நடக்கலாம். கடலில் கப்பலுக்கு அடியில் வெடி வெடித்தபோது மேல்தளத்தில் நின்றிருந்த மாலுமிகளின் குதிகால் நொறுங்கியதை உலகப் போர்க் காலத்து மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அதே காயம்தான் இது.

ஆகவே நல்ல வண்டியில் சீட்டைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்த மாட்டார்கள். பக்கச் சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள். காலுக்குக் கீழே தனியாக ஒரு மிதிபலகை இருக்கும், அதுவும் தரையைத் தொடாமல் சீட்டிலிருந்தே தொங்கும். சீட்டுக்குள் ஒரு அமைப்பு இருக்கும், ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு விதமாகச் செய்வார்கள், கிழிந்து நீளும் வார், நசுங்கும் குழாய், வளையும் கம்பி என்று. செய்யும் வேலை ஒன்றே: வண்டி திடீரென்று மேலே பாயும்போது ஆளைச் சுமக்கும் சீட் வண்டிக்குள் கீழ்நோக்கி இறங்கி, அந்த அடியைக் கொஞ்சம் நேரம் இழுத்து, மெதுவாக்கிக் கொடுக்கும். வெடிக்காத நாளில் அது வெறும் சீட். வெடிக்கிற நாளில் அது இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்கு இடம் வேண்டும்.

இந்தக் கடிதத்தின் தலைப்பில் இருப்பது இதுதான். சீட்டுக்கு அடியில் இருக்கும் காலி இடத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. முதுகுப்பையை உள்ளே தள்ளலாம், தண்ணீர் பாட்டில் கட்டு வைக்கலாம், உணவுப் பொட்டல அட்டைப்பெட்டி அளவெடுத்த மாதிரி போய் உட்காரும். ரயிலிலும் பஸ்ஸிலும் சீட்டுக்கு அடியில்தானே வைக்கிறோம் என்ற பழக்கம் நம் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. ஆனால் அந்தக் காலி இடம் காலி இடமே இல்லை, சீட்டின் உறுப்பு அது. ஒரு தோராயமான கணக்கு சொல்கிறேன். வண்டி நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மேலே எகிறுகிறது என்று வையுங்கள். சீட் 15 சென்டிமீட்டர் சீராக இறங்க முடிந்தால் முதுகெலும்புக்கு வரும் அழுத்தம் புவியீர்ப்பின் 12 மடங்கு அளவில் நிற்கும். கீழே பெட்டியைத் திணித்து 3 சென்டிமீட்டர்தான் இறங்க முடிகிறது என்றால் அதுவே 60 மடங்கைத் தாண்டும். அதே வண்டி, அதே வெடி, அதே ஆள். நடுவில் வந்தது ஒரு அட்டைப்பெட்டி மட்டும்.

பல வண்டிகளில் சீட்டிலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அடியில் எதுவும் வைக்காதே என்று. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கும் போக்கு எனக்குப் பிடிப்பதில்லை. பையை வைக்க வேறு இடம் கொடுக்காமல் இங்கே வைக்காதே என்று எழுதுவது, ஆளைக் குற்றவாளியாக்கத்தான் உதவும். பத்து பேர் ஏறுகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு முதுகுப்பை, மூன்று நாளுக்குத் தண்ணீர், உணவு, ரேடியோ பேட்டரிகள், எந்திரத் துப்பாக்கிக்கு மாற்றுக் குழல், மருத்துவப் பை, ஸ்ட்ரெச்சர், இழுவைச் சங்கிலி, ஜாக்கி, ஸ்பேனர் செட். இதையெல்லாம் வைத்து ஒரு முறையாவது வண்டியை நிரப்பிப் பார்த்துத்தான் "10 பேர்" என்று எழுதினார்களா? பல வண்டிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எண்ணியது சீட்டை மட்டும்தான். சாமானோடு ஏறினால் அது ஏழு பேர் வண்டி, சில சமயம் ஆறு.

இன்னொரு வேடிக்கையில்லாத விஷயம், வண்டி வந்த பிறகு ஏறும் சாமான்கள். வாங்கும்போது ஓரத்தில் அழகாக ஒரு தட்டு இருக்கும், பைகள் வைக்க. ஆறு மாதத்தில் அந்த இடத்தில் வெடியைத் தூண்டும் சிக்னலைத் தடுக்கும் ஜாமர் பெட்டி வந்து உட்காரும், அடுத்த வருஷம் இரண்டாவது ரேடியோ, அப்புறம் ஒரு திரை, அதற்கொரு பேட்டரி. எல்லாமே தேவையானவை, ஜாமர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தட்டில் இருந்த பை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அது தரைக்குப் போனது, தரையிலிருந்து சீட்டுக்கு அடியில் போனது. ஜாமர் பொருத்த வந்தவர் தன் வேலையைச் சரியாக முடித்துவிட்டுப் போய்விட்டார், சீட்டின் இறக்கம் போனது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

தரையில் கிடக்கும் பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புடைக்கும் தரைத்தகடு தன்மேல் இருப்பதையெல்லாம் மேலே எறியும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு பொருள் கிளம்புகிறது என்றால், அந்தப் பொருளை 5 மீட்டர் உயரத்திலிருந்து உங்கள் மேல் போட்டதற்குச் சமம். இணைப்போடு 200 தோட்டாக்கள் இருக்கும் எந்திரத் துப்பாக்கிப் பெட்டி ஆறேழு கிலோ இருக்கும், மூலைகள் எல்லாம் கூர்மையான தகரம். அது கீழேயிருந்து முழங்காலுக்கோ தாடைக்கோ வந்தால் என்ன ஆகும்? தண்ணீர் பாட்டில் மென்மையானது என்று நினைப்பார்கள், ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றரை கிலோ என்பதை மறந்துவிட்டு. துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைத் தாடைக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருவது இன்னும் மோசம். நீண்ட பயணத்தில் எல்லோரும் அப்படித்தான் உட்காருகிறார்கள், கை ஓய்வாக இருக்கும் என்று. தரை ஒரு சாண் எழும்பினால் குழல் எங்கே போகும் என்று எழுதவே கஷ்டமாக இருக்கிறது. சீட்டின் பக்கவாட்டிலோ சுவரிலோ ஒரு கிளாம்ப், ஒரு கையால் தட்டினால் திறக்கிற மாதிரி, அவ்வளவுதான் வேண்டியது. செய்ய அரை நாள் வேலை.

கிளாம்ப் மாட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கவசத் தகட்டைத் துளைத்து போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்கிவிட்டால் வேலை சுலபம், பார்க்கவும் உறுதியாக இருக்கும். வெளியிலிருந்து அடி விழும்போது அந்த நட்டுதான் முதலில் பிய்த்துக்கொண்டு உள்ளே பறக்கும். தகட்டைத் துளைக்காமல், உள்சட்டத்தில் பிடித்து, கொஞ்சம் அசைந்து கொடுக்கும் ரப்பர் தாங்கியோடு மாட்ட வேண்டும். தீயணைப்பு சிலிண்டரைப் பிடிக்கும் சாதாரண ஸ்பிரிங் கிளிப் மேடு பள்ளத்தில் குலுங்குவதைத் தாங்கும், வெடியைத் தாங்காது. நான்கு கிலோ சிலிண்டர் கிளிப்பை விட்டுக் கிளம்பினால் அதுவும் ஒரு குண்டுதான். இதெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு இல்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆனால் அவசரத்தில் வயர்மேன் ஒருவரும் பெயின்டர் ஒருவரும் சேர்ந்து புதிதாக ஒரு பிராக்கெட் மாட்டும்போது யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். வெடி கிடி எதுவும் இல்லை. உள்வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனோம், பின்னால் நான்கு பேர், எல்லோரும் பட்டறை ஆட்கள். பாதை ஓரம் மண் சரிந்து, வலதுபக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி, வண்டி மெதுவாகத்தான், உண்மையிலேயே மெதுவாகத்தான், பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. இந்த வண்டிகள் உயரமானவை, எடை மேலே இருக்கும், அதனால் சாய ஆரம்பித்தால் நிற்காது. பெல்ட் போட்டிருந்த நாங்கள் மூவரும் பெல்ட்டிலேயே தொங்கினோம், தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான்காமவரும் பெல்ட் போட்டிருந்தார். ஆனால் எதிர்ப்பக்கத்தில் கட்டாமல் வைத்திருந்த எங்கள் டூல் பாக்ஸ் அப்படியே அவர் மேல் வந்து இறங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்தப் பெட்டியை அங்கே வைத்தது நான். இறங்கும்போது எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று, கதவுக்குப் பக்கத்தில். அவர் அதற்குப் பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கி வேலை செய்யவே இல்லை, என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகவும் பேசவில்லை, அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. விசாரணை நடந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டார்கள். கட்டாத பெட்டியைப் பற்றி அறிக்கையில் ஒரு எழுத்து இல்லை, அதைக் கட்டுவதற்கு அந்த வண்டியில் ஒரு வளையம்கூட இல்லை என்பதைப் பற்றியும் இல்லை. நானாகப் போய்ச் சொன்னேன், குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள்.

வண்டி கவிழ்வது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த உயரமான வண்டிகள் வாய்க்கால் கரைகளிலும் மலைப்பாதை ஓரங்களிலும் கவிழ்ந்தது பெரிய பிரச்சினையாகவே இருந்தது, தண்ணீரில் தலைகீழாக விழுந்து வெளியே வர முடியாமல் இறந்தவர்களும் உண்டு. அதற்காகவே வண்டியின் அறையை மட்டும் ஒரு சட்டத்தில் மாட்டி முழுச் சுற்றும் சுழற்றிக் காட்டும் பயிற்சிக் கருவிகளை அமெரிக்க ராணுவம் செய்தது. வீரர்களை உள்ளே கட்டி உட்காரவைத்து, தலைகீழாகத் திருப்பி, பெல்ட்டை அவிழ்த்து, கதவைத் தேடிப்பிடித்து வெளியே வரச் சொல்வார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பயிற்சி அறைக்குள் பைகள் குவிந்து கிடக்காது. உண்மையான வண்டி தலைகீழானால் கட்டாத சாமான் முழுவதும் கூரையில் விழுந்து, ஆள் இறங்க வேண்டிய இடத்தில் முட்டளவு கிடக்கும். கூரையில் இருக்கும் அவசரக் கதவு இப்போது தரைக்குள், பின்கதவோ சில நூறு கிலோ எடை, இருட்டு, புகை, பக்கத்தில் அடிபட்டவர் ஒருவர். அந்த நேரத்தில் ஒரு பை நடைவழியில் கிடக்கிறதா, வலைக்குள் இருக்கிறதா என்பது சின்ன விஷயம் என்று யார் சொல்வார்கள்?

பெல்ட் போடாத வீரர்களைத் திட்டுவதும் எனக்கு ஒப்பாது. சீட்டை அளவெடுக்கும்போது சட்டையோடு இருக்கும் ஆளை வைத்து அளவெடுத்தால், குண்டு துளைக்காத அங்கி, முன்னும் பின்னும் தகடுகள், நெஞ்சில் தோட்டாப் பைகள், இடுப்பில் தண்ணீர், தலையில் ஹெல்மெட் எல்லாம் சேர்ந்தவர் அதில் எப்படி உட்காருவார்? முதுகுத் தகடு சீட்டில் முட்டி ஆளை முன்னால் தள்ளும், ஹெல்மெட்டின் பின்விளிம்பு தலைச்சாய்வில் இடித்துத் தலையைக் குனியவைக்கும், பெல்ட் நாக்கு தோட்டாப் பைக்குக் கீழே எங்கேயோ சிக்கிக்கொள்ளும். அப்படி எட்டு மணி நேரம். எதிரே இருப்பவரின் முழங்கால் இவருடைய முழங்காலோடு பின்னிக்கொண்டு, காலை நீட்ட வழியில்லாமல், மிதிபலகையிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைப்பார், பெல்ட்டைத் தளர்த்துவார், அப்புறம் கழற்றியே விடுவார். நானும் அப்படித்தான் செய்வேன். வசதி என்ற சொல்லை ராணுவத்தில் சொகுசு என்று புரிந்துகொள்கிறார்கள். உட்கார முடிகிற சீட்டில்தான் பெல்ட் போட்டிருப்பார்கள், பெல்ட் போட்டிருந்தால்தான் சீட்டின் இறக்கம் வேலை செய்யும். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி வசதிதான்.

சோதனைகளைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் வந்தது, நேட்டோவின் ஸ்டானாக் 4569 தரம் பற்றி. சக்கரத்துக்கு அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் 6 கிலோ, 8 கிலோ, 10 கிலோ வெடிமருந்து என்று படிப்படியாக ஏறும் அளவுகள், சரிதான். ஆனால் அந்தச் சோதனையில் தகடு கிழிந்ததா என்று மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே அளவுக்கருவிகள் பொருத்திய கிராஷ் டம்மிகளை, அதாவது ஆள் அளவு சோதனைப் பொம்மைகளை, உட்காரவைத்து, கீழ்க்காலில், முதுகெலும்பில், கழுத்தில், மார்பில் எவ்வளவு அடி விழுந்தது என்று பார்க்கிறார்கள். கீழ்க்காலுக்கு வரம்பு 5.4 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 550 கிலோ எடை அமுக்குவது போல. அந்தத் தரச்சான்று வண்டிக்கும் சீட்டுக்கும் சேர்த்துத்தான் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. சீட்டை மாற்றினாலோ, மிதிபலகையைக் கழற்றினாலோ, சீட்டுக்கு அடியை அடைத்தாலோ அந்தச் சான்று அந்த இருக்கையில் உட்காருபவருக்குப் பொருந்தாது. கூடவே ஒன்று, பெரும்பாலும் பயன்படும் டம்மி 78 கிலோ எடையுள்ள சராசரி ஆண் உடம்பு, அதுவும் முதலில் கார் முன்பக்க மோதலுக்காக வடிவமைத்தது, கீழேயிருந்து வரும் வெடிக்காக இல்லை. அதனால்தான் அமெரிக்க ராணுவம் கீழ்வெடிக்கென்றே வியாமேன் என்ற தனி டம்மியை உருவாக்கும் வேலையில் இறங்கியது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் வீரர் அதே சீட்டில் உட்கார்ந்தால், கனமான ஆளுக்காக இறுக்கமாக அமைத்த சீட் அவருக்குப் போதுமான அளவு இறங்காது. எடையைத் திருகிச் சரிசெய்யும் சீட்டுகள் வந்திருக்கின்றன, திருகச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை நசுங்கி முடிந்துபோகும் சீட்டா, வண்டி திரும்பக் கீழே விழும்போது வரும் இரண்டாவது அடிக்கும் மிச்சம் வைத்திருக்கும் சீட்டா என்பதையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கும், வண்டியின் மொத்த விலையோடு பார்த்தால் அது பெரிய தொகையே இல்லை.

சாமானை எங்கேதான் வைப்பது என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில், கனமானதும் உடனே தேவைப்படாததும் வெளியே போக வேண்டும், வண்டியின் பக்கவாட்டுப் பெட்டிகளுக்குள், முடிந்தவரை கீழே. முதுகுப்பைகளும் வெளியே. வீரர்களுக்கு இது பிடிக்காது, தெரியும். வெளியே வைத்தால் நனையும், திருடு போகும், தோட்டா பட்டுக் கிழியும், வண்டி எரிந்தால் மாற்றுத் துணிகூட மிஞ்சாது. அவர்கள் சொல்வது நியாயம், அதனால் பூட்டுப் போட்ட, தண்ணீர் புகாத பெட்டியாகச் செய்து கொடுக்க வேண்டும், வெறும் கம்பிக் கூடை கொடுத்துவிட்டு உபதேசம் செய்யக் கூடாது. கூரை மேல் ஏற்றுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏற்கெனவே கவிழத் தயாராக இருக்கும் வண்டிக்கு அது இன்னொரு தள்ளு. உள்ளே இருக்க வேண்டியவை தோட்டா, மருத்துவப் பை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர், ரேடியோ. இவை தரையைத் தொடாமல், தலைக்கு மேலும் போகாமல், இடுப்பு உயரத்தில் பக்கச் சுவரை ஒட்டி, மூடியுள்ள பெட்டியிலோ இறுக்கமான வலையிலோ இருக்க வேண்டும். மருத்துவப் பை எங்கே என்று இருட்டில் தடவிப் பார்த்து எடுக்க முடிகிற மாதிரி எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் மருத்துவ உதவியாளரே அடிபட்டுக் கிடக்கலாம். நடைவழியில் எதுவும் கூடாது, ஸ்ட்ரெச்சர் போக வழி வேண்டும்.

இதற்கெல்லாம் கவசத் தகட்டு ஆராய்ச்சி தேவையில்லை. ஒவ்வொரு வண்டி வகைக்கும் எந்தச் சாமான் எந்த இடத்தில் என்று படம் போட்ட ஒரு தாள் வேண்டும், அது கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். புதிதாக ஒரு பெட்டி பொருத்தினால் அந்தத் தாளைத் திருத்தாமல் வண்டியை வெளியே விடக் கூடாது. வெடிச் சோதனை நடத்தும்போது காலி வண்டியை வெடிக்காமல் மூன்று நாள் சாமானோடு வெடித்துப் பார்க்க வேண்டும், எது கழன்று பறந்தது என்பதையும் சோதனை முடிவில் சேர்க்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் முழுக் கவச உடையில் பத்து வீரர்களை உட்காரவைத்து ஒரு பகல் முழுவதும் கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு, இறங்கும்போது யார் யார் பெல்ட் போட்டிருந்தார்கள் என்று எண்ண வேண்டும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

உங்கள் நிருபரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டால், 25 கிலோ எடையுள்ள ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பின்கதவைத் திறந்து ஏறி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் அதிகாரியிடம் இந்தப் பையை எங்கே வைக்கட்டும் என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலையும், அந்த இடத்தின் படத்தையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
வாகன உள்வேலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்